ஸ்பெயினில் ஒரு கிண்ணம் பால்

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளும் மருமகனும் ஸ்பெயினில் ஒரு சின்னப் பழைய ஊரில் இருக்கிறார்கள். குன்றின்மேல் கல்மதில், மதிலுக்குள் வீடுகள். வெளியே கோதுமைக் கொல்லைகள், நாலு பக்கமும் கிராமங்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கே மூன்று மாதம் இருந்தேன். அவனுக்கு அப்போது ஐந்து மாதம்.

ஒருநாள் மதியம் மகள் வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் மூன்று தடவை வலப்பக்கம் திரும்பினால் புறப்பட்ட தெருவுக்கே வந்துவிடலாம். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் நடந்த கால் அங்கேயும் அப்படியே திரும்பியது. அந்த ஊர்த் தெருக்களோ வளைந்துகொண்டே போயின. அங்கே அது எல்லாரும் சாப்பிட்டுக் கதவைச் சாத்திப் படுக்கிற நேரம். தெருவில் ஆளே இல்லை. இருந்தாலும் என்ன பாஷையில் வழி கேட்பேன்? மதில் வாசல் ஒன்று தெரிந்தது. மகள் வீடு மதிலுக்கு வெளியே, ஒரு வாசலை ஒட்டி இருந்தது; அந்த வாசல் என்று நினைத்துத் தாண்டினேன். அது வேறு வாசல். வீடு வரும் வரும் என்று நடந்து அடுத்த கிராமம் வரைக்கும் போய்விட்டேன். போனும் கையில் இல்லை.

மூன்று வீடு தட்டினேன். மூன்றிலும் யாரும் திறக்கவில்லை. நாலாவது வீட்டில், என் வயதுள்ள ஓர் அம்மா உள்ளே கூட்டி உட்காரவைத்தார். பிள்ளை பசியில் கத்தினான். கையைக் குவித்துப் பால் கேட்டேன். அவர் பிள்ளையைக் காட்டி, விரலை ஆட்டிக் கூடாது என்றார். நான் அழுதுவிட்டேன். அப்புறம்தான் கொஞ்சம் மாட்டுப்பாலைச் சுடவைத்துக் கிண்ணத்தில் ஊற்றினார். அவரே கரண்டியால் புகட்டினார்.

அந்த நேரம் பார்த்து, காரில் தேடிக்கொண்டு வந்த மகள் வாசலில் தள்ளுவண்டியைப் பார்த்து உள்ளே வந்துவிட்டாள்.

“இன்னாம்மா இது? யாருன்னே தெரியாத பொம்பள மாட்டுப்பால ஊத்திக்கினு இருக்கா, நீ பாத்துக்கினு உக்காந்திருக்க! நெய்வேலி பஜாருன்னு நெனச்சிக்கினியா?”

அந்த ஊர்ப் பேச்சில் அவரையும் திட்டினாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் பிள்ளை வாந்தி எடுத்தான்.

“அந்தக் கெழவிக்கு அறிவு வாணாம்?”

“ஆமாண்டி” என்றேன்.

மறுநாளே பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. ஆனால் சந்தையில் அந்த அம்மா பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

நெய்வேலிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. போனில் சொல்ல வாய் எடுப்பேன், ‘சாப்பிட்டியாடி’ என்றுதான் வரும். அதனால் எழுதுகிறேன். மகளே, பால் கேட்டது நான்தான். அந்த அம்மா வேண்டாமென்றுதான் சொன்னார். எனக்கு அந்தக் கிராமத்தின் பெயர் மறந்துவிட்டது, உனக்குத் தெரியும். அங்கே போ. நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று அவரிடமே கேட்டுச் சரிபார்.