ஆறாயிரம் மீன்குஞ்சுகளோடு பாகூருக்கு

விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கும் மீன் பண்ணையை விட்டுக் கிளம்பும்போது காலை மணி ஆறு இருபது. மினி லாரியின் முன்னால் நானும் டிரைவர் முருகவேலும். பின்னால் இருபத்துநான்கு பிளாஸ்டிக் பைகளில் ஆறாயிரம் கட்லா, ரோகு குஞ்சுகள். ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்சிஜன் அடைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "பதினோரு மணிக்குள்ள குளத்துல விட்டுடணும்மா. வெயில் ஏறிப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று பண்ணைக்காரர் சொல்லி அனுப்பினார்.

நான் திண்டுக்கல்காரி. மீனைக் குழம்பில் பார்த்ததோடு சரி. என் தங்கை குமுதாவைப் பாகூர்ப் பக்கம், மணப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளும் இன்னும் பத்துப் பெண்களும் சேர்ந்து ஊர்க்குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறார்கள். போன வருஷம் மழையில் கரை உடைந்து மொத்த மீனும் போய்விட்டது. இந்தத் தடவையும் கைவிட்டுப் போனால் குத்தகையை விட்டுவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். கால் சுளுக்கிக்கொண்டு படுத்திருந்த குமுதா, ஊர் சுற்றிப் பார்க்க வந்த என்னை இந்த வேலைக்கு அனுப்பிவிட்டாள். "சும்மா வண்டியில உக்காந்து வந்தாப் போதும்க்கா" என்றாள். அவள் சொல்லி நான் நம்பியது இது முதல் தடவை அல்ல.

வளவனூர் வந்தபோது மணி ஏழு. டீசல் முள் அடியோடு அடியாகப் படுத்திருந்தது. எதிரிலேயே பங்க் இருந்தும் முருகவேல் வண்டியைத் திருப்பவில்லை.

"டீசல் இல்லையேப்பா?"

"இன்னாக்கா நீ! இன்னும் எட்டு கிலோமீட்டர்ல பாண்டி எல்ல வந்துடும். அங்க வெல கம்மி. இங்க எவனாவது போடுவானா? ஒம்போது வருசமா இந்த வண்டி பாண்டி டீசலத் தவிர வேற எதையும் குடிச்சதில்ல."

குழந்தையின் படிப்பைச் சொல்வதுபோல அவ்வளவு பெருமையாகச் சொன்னார். இந்தப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு இது வழக்கமாம். தமிழ்நாட்டுக்குள் ஓடும்வரை டேங்க்கைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டுவது, எல்லையைத் தொட்டதும் ரொப்புவது. எல்லை என்றால் ஒரு கோடு என்று நினைத்திருந்தேன். இங்கே மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி, அடுத்த கண்டமங்கலம் தமிழ்நாடு, அதையடுத்து அரியூர் மறுபடியும் புதுச்சேரி. கடைப் பலகையைப் படித்துக்கொண்டே வந்தால்தான் எந்த ஆட்சியில் இருக்கிறோம் என்று தெரிகிறது.

மதகடிப்பட்டில் டேங்க்கை நிரப்பினார். திருபுவனையில் கம்பெனி பஸ்களும் வேலைக்குப் போகும் பைக்குகளும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நாங்களும் நின்றோம். அப்போதுதான் முதன்முதலாக வண்டியின் உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. நிற்கும்போது எஞ்சின் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. குளிர் ஜுரம் வந்ததுபோல வண்டி முழுக்க உதறியது. பின்னால் பைகள் தளும்பின. "அது அப்பிடித்தான்க்கா, ஒரு வாரமா" என்று முருகவேல் ஆக்சிலேட்டரை மிதித்துச் சமாளித்தார்.

எட்டு மணிக்கு வில்லியனூர். வண்டியை அணைத்தால் திரும்பக் கிளம்புமோ என்ற பயத்தில், அவர் மிதித்த காலை எடுக்காமலே ஜன்னல் வழியாக டீ வாங்கிக் குடித்தார். அங்கிருந்து தெற்கே திரும்பினால் இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும். ஆவணி மாதக் கடைசி, அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏம்பலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இரண்டு முறை இருமி நின்றது. மணி எட்டு ஐம்பது.

சாவியைத் திருகினால் எஞ்சின் நன்றாகச் சுற்றியது. பற்றவில்லை. பத்துத் தடவை திருகியிருப்பார். வில்லியனூர் மெக்கானிக்கைப் போனில் பிடித்தால் பதினொன்றரைக்கு மேல்தான் வரமுடியும் என்றார். "டீசல் பம்பு பூடுச்சுக்கா" என்று முருகவேல் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "பம்பு மாத்தறதுக்கு வண்டியத்தான் விக்கணும்."

எனக்குக் கோபமான கோபம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை. வாய்க்கால் தண்ணீரில் சாக்குகளை நனைத்து வந்து பைகள்மேல் போர்த்தினேன். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குமுதாவுக்குப் போன் செய்ய எடுத்தவள், அதை வைத்துவிட்டு இன்னொரு சாக்கை நனைக்கப் போனேன்.

எதிர் வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் குடை பிடித்து நின்ற அம்மா எங்களைப் பார்த்துவிட்டுச் சாலைக்கு ஏறி வந்தார். வயலுக்குச் சொந்தக்காரர், பெயர் அஞ்சலை. சாக்கைத் தூக்கிப் பைக்குள் பார்த்தார்.

"இன்னாடி இது, குஞ்சு அல்லாம் வாயப் பொளக்குது!"

விஷயத்தைச் சொன்னேன். உடனே திரும்பி மெஷினைப் பார்த்துக் கை ஆட்டினார். "டேய் தேவநாதா! மிசினை நிறுத்திட்டு இங்க வாடா!"

மெஷின் ஓட்டும் தேவநாதன் பாகூர்க்காரர். அந்த மெஷினுக்கு நான்கு நாள் காத்திருந்து அன்றுதான் அஞ்சலைக்கு முறை வந்ததாம். அவர் இறங்கி வந்து, "ஆயி, மேக்கால பாத்தியா? இருட்டிக்கினு வருது. அறுத்து முடிச்சுட்டு வரட்டுமா?" என்றார்.

"நெல்லு எங்க ஓடிடப் போவுது? இது உசுருடா. போய்ப் பாரு."

தேவநாதன் முருகவேலைச் சாவி திருகச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தார். "நல்லா சுத்துது, அப்ப பேட்டரி கொற இல்ல. சுத்தறப்ப வெள்ளப் பொகையாவது வரணும், அதுவும் காணோம். டீசலே உள்ள போவலப்பா."

"டேங்க் ரொம்பி இருக்குதுண்ணா! காத்தாலதான் போட்டேன்."

"அப்ப டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல பாப்போம்."

அறுப்பு மெஷினிலிருந்து ஒரு டீசல் கேனும் ஒரு நீள ரப்பர் குழாயும் கொண்டுவந்தார். பம்புக்கு டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தன் குழாயை மாட்டி, மறுமுனையைக் கேனுக்குள் விட்டார். கேனை சீட்டின்மேல் உயரமாக வைத்து, எஞ்சினோடு இருந்த, கையால் அமுக்கும் சின்னப் பம்பைக் காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை அமுக்கினார். "இப்ப அடி."

இரண்டாவது சுற்றில் பற்றிக்கொண்டது. உதறல் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, சீராக ஓடியது. நான் சாலையில் நின்றே கை தட்டினேன்.

"பம்பும் நல்லா இருக்குது, எஞ்சினும் நல்லா இருக்குது" என்றார் தேவநாதன். "டேங்கு வாயில கசடு அடச்சிருக்குது. தெனம் அடி வரைக்கும் ஓட்டறியா?"

முருகவேல் தலையைச் சொறிந்தார். "பாண்டி டீசலுக்காவ..."

"ஒம்போது வருசமா அடிச் சேத்தையும் சேத்துக் குடிக்க வெச்சிருக்க. சாயந்திரமா டேங்கக் கழட்டிக் கழுவு. இப்ப கேனை வெச்சே ஓட்டிக்கினு போ."

பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "கேனை மட்டும் நாளைக்குக் குடுத்துடுக்கா" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி ஓடினார். மணி பத்து பத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷின் சும்மா நின்றிருந்தது.

டீசல் கேனை மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கரிக்கலாம்பாக்கம், சேலியமேடு, பாகூர் என்று ஊர்கள் போவதைப் பார்த்தும் பார்க்காமலும் வந்தேன். புடவை முழுக்க டீசல். பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது குளக்கரை. பெண்கள் பைகளை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகும்வரை காத்திருந்து அவிழ்த்தார்கள். நூறுக்கு மேல் செத்து மிதந்தன. மிச்சமெல்லாம் ஒரு நொடி திகைத்து நின்று, கலைந்து ஆழத்துக்கு ஓடின. நொண்டிக்கொண்டு வந்திருந்த குமுதா கரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், மீனுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் காற்றோடு பெரிய மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை குளத்தின் கரை தாங்கியது.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் வழியில், டேங்க் கழுவிய வண்டியிலேயே கேனைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வயலில் முக்கால் பகுதி மொட்டையாக அறுபட்டிருந்தது. மிச்சக் கால் பகுதியில் கதிரெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. எங்களுக்காக நின்ற அந்த ஒரு மணி நேரம்தான் அது என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. மெஷின் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். அஞ்சலையும் இரண்டு பெண்களும் குனிந்து கதிர் அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கேனை மடியில் வைத்துக்கொண்டு நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர்தான் முதலில் நிமிர்ந்தார். "ஏம்மா, குஞ்சு பொழச்சுதா?"

பிழைத்தது என்றேன். "எங்களாலதானே உங்க நெல்லு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ இன்னா மழையக் கூட்டிக்கினா வந்த? உடும்மா."

எங்கள் ஊரில் பஸ் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றால் கண்டக்டரோடு சண்டைக்குப் போகிறவள் நான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி அரிவாள் கேட்டேன். "கைய அறுத்துக்கப் போற, கட்டு தூக்கு" என்று சிரித்தார். திண்டுக்கல் பஸ்ஸை விட்டுவிட்டு மதியம் வரை முருகவேலும் நானும் மேட்டுக்குக் கட்டு சுமந்தோம். அந்த வயலில் நின்று நன்றி என்று வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.