தம்பியின் மேல்முறையீடு

எங்களில் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். யாங்கோனில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் அடைக்கலம் கேட்ட என் தம்பி, கோயிலில் கொடுத்த பிறப்புச் சான்றையும் பள்ளிச் சான்றையும் ஒன்றாக நீட்டிவிட்டான். இரண்டு பெயர் வைத்திருப்பவன் சொல்வது எதையும் நம்ப முடியாது என்று முதல் நீதிபதி தள்ளிவிட்டார். அதற்கு மேலிருந்த குடியேற்ற வாரியமும் ஒரே பத்தியில் ஆமாம் போட்டது. இங்கே ராணுவம் தேடுகிறவன் அவன்; திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

மிச்சம் இருந்தது மேல்முறையீட்டு நீதிமன்றம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் உண்டுதான், ஆனால் அது தனக்குப் பிடித்த வழக்கை மட்டும் எடுக்குமாம். எங்கள் வீட்டுக் கதை அதற்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நான் சாட்சி சொல்றேன். அந்த ரெண்டு பேரையும் நாங்கதான் அவனுக்கு வச்சோம்னு," என்றாள் அம்மா.

தம்பி போனில் பொறுமையாகச் சொன்னான்: "அங்க சாட்சியே கெடையாதும்மா. புதுசா ஒரு காயிதம்கூட வாங்க மாட்டாங்க. கீழ் கோர்ட்டுல பதிவானதப் படிச்சு, அந்த ஜட்ஜு சட்டப்படி நடந்தாரான்னு மட்டும் பாப்பாங்க."

பெற்றவளைக் கேட்காமல் என்ன நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாதம் நடந்த அன்று இங்கே மழை, மின்சாரமும் இல்லை. அங்கே காலை, இங்கே விளக்கு வைத்த நேரம். என் போனில், நீதிமன்றத்தின் வலைத்தளத்தில் குரல் மட்டும் வந்தது. மூன்று நீதிபதிகள். தம்பி அங்கே போகவே இல்லை, போகவும் தேவையில்லையாம். எங்கள் வக்கீலுக்குக் கொடுத்ததே கால் மணி நேரம், அதில் பாதியை நீதிபதிகளே கேள்வி கேட்டுத் தீர்த்தார்கள். ஆங்கிலம் மழைச் சத்தத்தில் கரைந்து கரைந்து வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ தூரத்தில் எங்கள் வீட்டைப் பற்றிக் கனவு காண்கிறார்கள், அதை நாங்கள் ஒட்டுக்கேட்கிறோம் என்று இருந்தது எனக்கு.

நடுவில் ஒரு பெண் நீதிபதி அரசாங்க வக்கீலை நிறுத்தினார். ஏன் இரண்டு பெயர் என்று மனுதாரரைக் கேட்டிருக்கிறார்கள், அம்மா கூப்பிடுவது ஒன்று, டீச்சர் கூப்பிடுவது ஒன்று என்று அவர் சொன்ன பதிலும் பதிவாகியிருக்கிறது, தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா என்று கேட்டார். அந்த வக்கீல் சுற்றி வளைத்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. பழைய முடிவு ரத்து, வழக்கு திரும்பவும் கீழே.

"ஜெயிச்சிட்டானா?" என்று என்னைக் கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. அடைக்கலம் குடுக்குறது இவங்க வேல இல்லையாம். கீழ மறுபடி விசாரிக்கணும். இந்தத் தடவ நீயும் சாட்சி சொல்லலாம்னு வக்கீல் சொல்றாரு."

அம்மா குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அவன் ஜெயிக்கணும்னுதான். ஜெயிச்சா இங்க வர முடியாதுல்ல? பரவால்ல. அவன் மொகத்தப் பாக்காமலே நான் செத்துப்போகணும்னு வேண்டிக்கிட்டேன்."