குனியாமல் ஆடிய ஆட்டம்

ஞாயிறானால் ஆரணியில் பார்வையற்றோருக்குச் செஸ் சொல்லித்தருகிறேன். பொறுமை கிடையாது, கத்துவேன். இங்கே என்னைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கே அது தெரியும்.

எங்கள் போர்டில் கட்டத்துக்குக் கட்டம் துளை இருக்கும், காய்களைச் செருகி வைப்போம். கறுப்புக் காயின் தலையில் சின்ன முனை இருக்கும், தொட்டாலே நிறம் தெரிந்துவிடும்.

களம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் மல்லிகா அக்காவுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. அதனால் தொடமாட்டார். மூக்கு போர்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துத்தான் ஆடுவார்.

"பாத்துகினே ஆடுனா விரல் எப்பக்கா பழகும்?" என்று வாராவாரம் திட்டுவேன்.

"கண்ணு இருக்கசொல்ல எதுக்குப்பா தடவிகினு?" என்று சிரிப்பார்.

இன்று அவர் ஒருமுறைகூடக் குனியவில்லை. விரலால் தடவியே ஆடி, என் ராணியை வெட்டினார். எழுந்து நின்று கைதட்டினேன். வகுப்பே சேர்ந்து தட்டியது.

"இப்பதான்க்கா ஒழுங்கா ஆடறீங்க!"

சத்தம் அடங்கியதும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "குனிஞ்சாலும் ஒண்ணும் தெரியலப்பா. செவ்வாக்கிழமைலேர்ந்து."

ஏதோ ஒரு காயை நகர்த்திவிட்டு, "உங்க மூவ்க்கா" என்றேன்.

இதைவிட மட்டமாகப் பதில் சொன்னவர்கள் யாராவது இருந்தால் கமெண்டுக்கு வாங்க. துணைக்கு ஆள் வேண்டும்.