லைட்டு கெட்டு, பின்னே கத்தி

1. பல்பு

ஓடுகிற வண்டியில் பேட்டரியின் இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். என் மகனுக்கே அது நடந்தபோது, அவன் வந்து சொல்லியும் எனக்குப் புரியவில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிறேன். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகித் தென்காசியிலிருந்து இங்கே வந்தவள். மகன் பிரபு இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவன். ஏலூரில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறான். கண்டெய்னர் ரோடு வழியாக, பெரிய லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய் வருகிறான். அவன் திரும்பும்வரை வாசல் லைட்டை எரியவிட்டுக் காத்திருப்பேன். "எனக்கு வீடு தெரியாதாக்கும்" என்று கேலி செய்வான்.

ஒரு மழை நாள் மாலையில் நனைந்துகொண்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே, "அம்மா, வர்ற வழியில லைட்டு கெட்டுப் போச்சு. நாளைக்கு ஒண்ணு பார்த்துத் தா" என்றான். சாப்பிட்டான், தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் வண்டியைக் கடையில் நிறுத்தினான். சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். ஹெட்லைட் எரிந்தது. பல்பின் கண்ணாடி கறுத்திருந்ததால், விட்டு விட்டு எரிந்திருக்கும் என்று நினைத்துப் புது பல்பு போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தேன். 12.5 வோல்ட். குறை சொல்ல முடியாத அளவு. பிரபு சாயா குடித்து முடித்து ஹெல்மெட்டை மாட்டினான்.

2. கத்தி

அப்போதுதான் முதலாளி நாசர் இக்கா கவுண்டரிலிருந்து சும்மா விசாரித்தார். பிரபு மலையாளத்தில் பதில் சொன்னான்: "கண்டெய்னர் ரோட்டில் வெச்சு லைட்டு கெட்டு, இக்கா. வண்டியும் ஓஃப் ஆயி."

"பின்னே கத்தியோ?"

"கத்தி. செல்ஃப் அடிச்சதும் எல்லாம் வந்து."

மலையாளத்தில் விளக்கு கெட்டது என்றால் அணைந்தது என்று பொருள். பின்னே கத்தி என்றால் பிறகு எரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் தினமும் சொல்வதுதான், எனக்கும் உடனே புரியும். ஆனால் வீட்டில் என் மகன் தமிழில் பேசும்போது நான் தமிழாகத்தான் கேட்கிறேன். கெட்டுப் போச்சு என்றான். பழுதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பழுதான பல்பு திரும்ப எரியாது, காலையில் அது எரிந்ததைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. அவன் சொன்னது வேறு: மழையில், லாரிகளுக்கு நடுவே, ஹெட்லைட்டும் பின் லைட்டும் எஞ்சினும் ஒரே நேரத்தில் நின்று, செல்ஃப் அடித்ததும் திரும்ப வந்திருக்கின்றன.

பின்னால் வண்டி ஏதும் வந்ததா என்று கேட்டேன்.

"ஒரு லாரி வந்துச்சு. ஹாரன் அடிச்சான். நான் ஓரத்துல உருட்டிட்டேன். அதை எதுக்கு உன்கிட்ட சொல்லணும்? நீ உறங்க மாட்டே."

வண்டியின் சாவியை உருவிக்கொண்டேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தான். ஆய்வகத்துக்கு போன் பண்ணிச் சொல்லிவிடு என்றேன்.

இக்காவுக்குச் சிரிப்பு. "அம்மையும் மோனும் ஒரே வீட்டில. இடையில பாஷை மாத்தித் தர நான் வேணும், அல்லே?"

3. பேட்டரி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் டெர்மினல். மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சை பூத்துவிடும். பாதிப் புகார்கள் அதைச் சுரண்டி போல்ட்டை இறுக்கினாலே தீரும். பிரபுவின் வண்டியில் அது சுத்தமாக, இறுக்கமாக இருந்தது. அடுத்து சார்ஜிங். எஞ்சினை ஓட்டி ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினேன். 14.1 காட்டியது. அதுவும் சரி.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரிக்குப் பளு கொடுத்துப் பார்க்கும் லோட் டெஸ்டரை மாட்டினேன். முள் சட்டென்று கீழே விழுந்தது. பாசிட்டிவ் டெர்மினலை விரலால் லேசாக அசைத்தேன். முள் பூஜ்யத்துக்குப் போனது, திரும்பி வந்தது. மறுபடி அசைத்தேன், மறுபடி போனது. பேட்டரிக்கு உள்ளே இணைப்பு விட்டிருக்கிறது. சும்மா நிற்கும்போது வோல்ட் காட்டும். பளு ஏறினாலோ குழியில் குலுங்கினாலோ சில நேரம் கையை விரித்துவிடும். பிரபு குனிந்து அந்த முள்ளையே பார்த்தான். பிறகு, வர நேரமாகும் என்று ஆய்வகத்துக்கு போன் பண்ணினான்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். இதெல்லாம் என் கைக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் அன்று ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் செய்தேன். புது பேட்டரியை வைத்து, போல்ட்டை இறுக்கி, வாஸ்லின் தடவி, பெல்ட்டைப் போட்டேன். பிறகு போல்ட்டை மறுபடி இறுக்கினேன்.

"இனி வெல்டிங்கும் பண்ணிடும்மா" என்றான் பிரபு.

வோல்ட் சரியாக இருந்தால் பேட்டரி சரி என்று முடிவு கட்டாதீர்கள். லோட் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் வண்டிக்காரரிடம் கேளுங்கள். லைட் போச்சு என்று யார் சொன்னாலும், எந்த மொழியில் சொன்னாலும், திரும்ப வந்ததா என்று கேளுங்கள். போனது திரும்பி வந்தால் குற்றம் பல்பில் இல்லை. நான் இப்போது கடையில் மட்டுமல்ல, வீட்டிலும் கேட்கிறேன்.

இதை எழுதும்போதும் அந்த லாரியின் ஹாரன் என் காதில் கேட்கிறது. கேட்டது அவன்தான், நானில்லை.

பேட்டரி மாற்றிய அன்று மாலையும் மழை. வாசல் லைட்டைப் போட்டுவிட்டு வழக்கம்போல நின்றேன். தெருமுனையில் ஹெட்லைட் திரும்பி, அலுங்காமல் நேராக வீட்டை நோக்கி வந்தது. வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, என்னையும் வாசல் பல்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வந்துட்டேன்ல. இனி அந்த லைட்டைக் கெடுத்துடும்மா."

கெடுத்தேன்.