இல்லாத மேல்மாடிக்கு வந்த சோலைவரி

மதிப்பீட்டு அறிவித்தல் வந்த அன்று நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் உறையைக் கிழித்தேன். பிரதேச சபைக்கு எங்கள் வீட்டுக்காகக் கட்டும் சோலைவரி ஒரேயடியாக இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. காரணத்தையும் கீழே எழுதியிருந்தார்கள். இரண்டு மாடி வீடு. மேல்மாடியில் அறைகள் இரண்டு, ஹோல் ஒன்று, கடலைப் பார்த்த பல்கனி ஒன்று.

எங்கள் வீட்டில் மேல்மாடி இல்லை.

படிக்கட்டு இருக்கிறது. வீட்டின் பக்கவாட்டில் ஏறி, ஒரு கொங்கிரீட் தட்டில் போய் முடிகிறது. அங்கே தண்ணீர்த் தாங்கியும், உடுப்புக் காயப்போடும் கொடியும், தூண்களிலிருந்து வானத்தைப் பார்த்து நிற்கும் கம்பிகளும்தான். எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு வீடு பெண்ணின் பெயருக்கு வரும். வாப்பா எனக்குக் கட்டித் தந்தபோது, மேலே உள்ளதை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று படியை மட்டும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் மகள் பிறந்து, படித்து, பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டாள். நாங்கள் ஒரு கல் வைக்கவில்லை.

யாரோ ஒருவருடைய வீட்டை என் பெயரில் பதிந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ‘கடலைப் பார்த்த பல்கனி’ என்ற சொற்களில் கண் நின்றது. அப்படிச் சொல்லும் ஆள் இந்த ஊரில் ஒருவர்தான். என் கணவர். அவர் அப்போது நாவிதன்வெளியில் வயலில் நின்றார். போன் எடுத்தேன்.

“நான் பள்ளிக்கூடம் போன நேரம் சபையிலிருந்து யாரும் வந்தாங்களா?”

உழவு மெஷினின் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னார்.

“ஓம். போன மாசம் ஒரு தம்பி வந்தாரு. நல்ல மனிசன். பிளேன்டீ குடிச்சிட்டுப் போனாரு.”

“மேல கூட்டிப் போனீங்களா?”

“படி இரிக்கி, மேல என்ன எண்டு கேட்டாரு. காட்டினன்.”

“என்னத்தக் காட்டினீங்க?”

“இது ஹோல், இது நம்மட ரூம், இது மகள்ட ரூம் எண்டு. கட்டப் போறம் எண்டும் சொன்னன்தானே.”

கோபம் வரவேண்டிய இடம். கையில் சிவப்புப் பேனையும் இருந்தது. ஆனால் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்புத்தான் கிளம்பியது. போனை வைத்துவிட்டேன்.

பின்னேரம் அவர் வந்து வீட்டுக்குள் ஏறாமல் கேற்றடியில் நின்றார்.

“பல்கனி எத்தின அடி எண்டு சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு.”

“பன்னெண்டா? எட்டு எண்டல்லவா நாம கதைச்ச?”

அந்தக் கேள்வி என் வாயில் எப்படி வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இருவரும் கேற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருவால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

ஆட்சேபனை எழுதுவதற்குத் தவணை கொடுத்திருந்தார்கள். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது கணக்கு ரீச்சருக்கே கஷ்டம். தாங்கி, கொடி, கம்பி எல்லாவற்றையும் படம் எடுத்தேன். உயரம் தெரியவேண்டும் என்று சொல்லி அவரும் ஒரு படத்தில் வந்து நின்றார். திறப்பு விழாவுக்கு வந்த அரசியல்வாதி மாதிரி ஒரு கையைத் தூணில் வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. நல்ல படம். அதையும் இணைத்து அனுப்பினேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், இருவரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். தலைமை தாங்கியவர் கழுத்தில் சிறு சிலுவை போட்ட, வயதில் மூத்த ஓர் அம்மா. வீட்டுக்கு வந்துபோன இளம் உத்தியோகத்தர் பக்கத்தில் கோப்போடு இருந்தார்.

“மேல்மாடி இல்ல எண்டு சொல்றீங்க, ரீச்சர். ஆனா இதில எல்லாம் விவரமா எழுதியிருக்கு,” என்றார் அந்த அம்மா. “நிலத்துக்கு மாபிளும் போட்டிருக்கு.”

மாபிள் எனக்குப் புதுச் செய்தி. கணவர் பக்கம் திரும்பினேன்.

“டைல்ஸ் எண்டுதான் நான் சொன்ன,” என்று அவர் வாய்க்குள் சொன்னார்.

“இல்ல நானா,” என்றார் இளம் உத்தியோகத்தர், மூத்த அண்ணனோடு பேசுவதுபோல் மிகவும் மரியாதையாக. “மாபிள் எண்டுதான் சொன்ன நீங்க. இத்தாலி மாபிள் எண்டும் சொன்ன நீங்க.”

முக்காட்டின் நுனியை வாய்க்குள் வைத்துக் கடித்தேன். தோள் குலுங்குவதை நிறுத்த முடியவில்லை. குனிந்துகொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

அந்த அம்மாவின் குரல் இளகிவிட்டது. “அழாதீங்க ரீச்சர். நாங்களே நேரில வந்து பாப்பம்.”

அடுத்த கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. எல்லாரும் படியேறினோம். மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஒலுவில் துறைமுகப் பக்கம் போகும் வள்ளங்கள் இரண்டு தூரத்தில் தெரிந்தன. அந்த அம்மா தட்டின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

“இதுவா ஹோல்?”

“ஓம் மிஸ்,” என்றார் என் கணவர், நிலத்தைப் பார்த்தபடி.

அந்த அம்மா கடல் பக்கமாக மூன்று எட்டு வைத்தார்.

“மிஸ், அதால போக ஏலாது. அதில சுவர். கதவு இந்தப் பக்கம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று என் கணவருக்கு விளங்கியது. அந்த அம்மா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு மூன்று எட்டும் பின்னால் வந்து, சுற்றி நடந்து, அவர் காட்டிய பக்கத்தால் நுழைந்தார்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் தாங்கியடியில் குந்திவிட்டேன். இளம் உத்தியோகத்தர் கோப்பால் முகத்தை மறைத்தார், கோப்பு நடுங்கியது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். கடைசியில் அவருக்கும் தாங்கவில்லை. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“சரி, அந்தப் பல்கனியையும் காட்டுங்க.”

பன்னிரண்டு அடிப் பல்கனியில் நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று கடலைப் பார்த்தோம்.

“நல்ல இடந்தான்,” என்றார் அவர். “கட்டுங்க. கட்டினாத் திரும்ப வருவம்.”

ஒரு மாதத்துக்குள் கடிதம் வந்தது. மேல்மாடி காணப்படவில்லை, ஒரு மாடி வீடாகத் திருத்தப்படுகிறது என்று இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு குசினிக்கும் வாசலுக்கும் நடந்தேன். கணவர் வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

“காணப்படவில்லை எண்டு எழுதியிருக்காங்க,” என்றார். “இன்னும் கட்டப்படவில்லை எண்டு எழுதியிருக்கலாம்.”

அன்று பின்னேரமே மாமி சபையிலிருந்து தனக்கு வந்த கடிதத்தோடு வந்து கதிரையில் இருந்தா. அவவின் ஆட்டுக்கொட்டிலை வியாபார நிலையம் என்று பதிந்திருந்தார்கள்.

“வந்தவருக்கு நீங்க என்ன சொன்னீங்க, மாமி?”

“நான் ஒண்டும் சொல்லல்ல மகள். ஆடு விக்கிற இடமா எண்டு கேட்டாரு. விலை சரியெண்டா விக்கிறதுதானே எண்டன்.”

ஆட்டுக்கொட்டிலுக்கும் படம் வேணுமே என்று சொல்லிக்கொண்டு என் கணவர் எழும்பிச் சேட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். நான் ஆட்சேபனை எழுதப் புதுத் தாள் ஒன்றை எடுத்தேன்.