பக்கத்துத் தோட்டத்துத் துண்டும் என் நெஞ்சு வலியும்

கதையில் ஒரு மனுஷியை மறைக்க வேண்டுமென்றால் பெயர், வயது, சாமி, ஊர் நான்கையும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். என் பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு அந்த நான்கையும் மாற்றினேன். பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதிப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து தூக்கி, மலைமேல் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் குடிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போக வைத்தேன். கல்யாணமான மகனைக் கல்லூரி முடித்த பையனாக்கினேன். துண்டை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் கிணறு மூன்று தோட்டங்களுக்குப் பொது. ஆளுக்கொரு நாள் முறை. முறை முடிகிற நேரத்தில் அடுத்த தோட்டத்துக்காரர் வந்து வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அக்காவின் முறையில் மட்டும் அது நடக்காது. கடைசித் தென்னைக்குத் தண்ணீர் எட்டும்வரை, தலையில் கட்டியிருக்கும் ஈரத் துண்டை அவிழ்த்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் போட்டுவிடுவார். துண்டு கிடந்தால் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். நானும் வைத்ததில்லை. ஏலத்தோட்டத்தில் தொட்டியும் வால்வும்தான் என்பதால் அந்தத் துண்டை வால்வு மேல் போட வைத்தேன். அவ்வளவு சின்ன விஷயம், யாருக்குத் தெரியப்போகிறது?

கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். அது பால் சொசைட்டி வரைக்கும் போயிற்று. அங்கே எல்லோரும் துண்டைத்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், என்னையப் பத்தி புஸ்தகத்துல எழுதிப் போட்டிருக்கறீங்களாமா?"

"உங்களைப் பத்தி இல்லீங்க அக்கா, அது ஏலக்காட்டுல ஒரு பொம்பளை..."

"சொசைட்டில நாந்தான்னு சொல்றாங்க. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியுமல்லோ. படிச்சுக் காட்டுங்க. வையறதா கும்படறதான்னு கேட்டுப்போட்டுச் சொல்றேன்."

அக்காவின் பேச்சு முழுக்கத் தமிழ். பிறந்த ஊரில் மலையாளப் பள்ளிக்கூடம் மட்டும் இருந்ததால் படிப்பு முழுக்க மலையாளம். இந்தப் பக்கம் இப்படிப் பலர் உண்டு. பரீட்சைத்தாள் திருத்த வேண்டும், கண் எரிகிறது என்றெல்லாம் நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து என் மகள் வந்தாள்.

"நான் படிக்கறேன் பெரிம்மா, உக்காருங்க."

அவள் என் கதைகளைப் படிப்பதில்லை. இந்தக் கதையை அவள் படித்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த நேரம் அது.

காரணம் இதுதான். மழைக்காலத்தில் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றுமில்லை, பதட்டமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவள் பயணத்தைத் தள்ளிப்போட்டாள். கம்பெனிக்காரர்கள் மறுபடி கேட்டிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். என் கதையிலோ, மகன் வெளியூர் கிளம்பும் நாளில் ஒரு தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறாள். அந்தத் தாய்க்கு வந்தது பொய் வலி.

நான் அடுப்படியில் நின்று காது கொடுத்தேன். ஆரம்பத்தில் வாசலில் ஒரே சிரிப்பு.

"சிலுவை போட்டுக்கறாளா? எம்பட தாலிக்கொடிய என்ன பண்ணுனீங்க டீச்சர்?" என்று அக்கா அங்கிருந்தே கத்தினார். துண்டு வந்த இடத்தில் தொடையில் தட்டிக்கொண்டார். "நாந்தான். நானேதான். பச்சைத் துண்டுன்னு போட்டிருக்குது, நான் எப்பப் பச்சை கட்டுனேன்?"

பிறகு பெட்டி கட்டும் இடம் வந்தது. மகளின் குரல் மெதுவானது. தாய் விழுகிறாள், மகன் பெட்டியை அவிழ்க்கிறான், வீட்டில் யாருமில்லாதபோது அவள் எழுந்து போய் மீதியிருந்த அவித்த கப்பைக்கிழங்கைத் தின்கிறாள். அந்த வரியைப் படித்ததும் மகள் நிறுத்திவிட்டாள். நான் வெளியே வந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் முகத்தில் சிரிப்பைக் காணோம். தணிந்த குரலில் கேட்டார்.

"இதை ஆருங்க உங்களுக்குச் சொன்னது?"

"எதைங்க அக்கா?"

"பையனுக்குத் துபாய் விசா வந்தப்ப நான் நெஞ்சப் புடிச்சுட்டு உளுந்தனே, அது. ஒரு வலியும் இல்லீங்க. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கார் வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வாரப்பப் பசி தாங்காம ரண்டு பன்னு தின்னேன். இன்னிக்கு வரைக்கும் ஆருக்கும் தெரியாது. நீங்க எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

பதிலுக்கு நிற்காமல் அக்கா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையன் காதுல போட்டுறாத சாமி. கதைல அவ மாட்டிக்கறாளா?"

"இல்ல பெரிம்மா. கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"அப்பச் சரி," என்று எழுந்தவர், போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவளைப் பார்க்கிற பார்வை.

எனக்கு இன்றைக்கும் அந்தப் பார்வை மறக்கவில்லை. ஆட்களின் வெளிப்பக்கத்தை அவர்களிடமிருந்தும் உள்பக்கத்தை என்னிடமிருந்தும் எடுக்கிறேன் என்பது என் கணக்கு. துண்டு அக்காவுடையது, வலி என்னுடையது, பொய் கற்பனை. இப்போது பார்த்தால் பொய்யும் அக்காவுடையது. எனக்கே தெரியாமல் எதையாவது கவனித்திருந்தேனா? துபாய்ப் பேச்சு வரும்போதெல்லாம் அக்கா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அது போதுமா ஒரு ஆளைக் கண்டுபிடிக்க? அல்லது பிள்ளை வளர்த்த எவளுக்கும் அந்தப் பொய் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறதா?

அக்கா வேலிப்படலைத் தாண்டியதும் மகள் கேட்டாள்.

"அப்ப இது பெரிம்மாகிட்டருந்து எடுத்ததா?"

அவள் முகம் லேசாகிவிட்டிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல கண்ணு. அவங்க விஷயம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். அந்தப் பொய்ய நானாத்தான் யோசிச்சேன்."

"எப்ப?"

"ஈசிஜி எடுக்கறப்ப. ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னாரல்ல, அப்ப. இது பொய்யா இருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு."

"வலி?"

"வலி நெசம்."

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"நான் வெளிய பெஞ்சுல அழுதுட்டு உக்காந்திருந்தேன். நீ உள்ள படுத்துட்டுக் கதை யோசிச்சியா?"

அதற்கு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். என்னை நம்பித்தான் போகிறாளா, நம்பாததால் போகிறாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பெட்டி கட்டும்போது நான் பள்ளிக்கூடத்திலேயே இருந்துகொண்டேன்.

புனேயிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறேன் என்றால், "மூஞ்சியக் காட்டு" என்று வீடியோவைப் போடச் சொல்கிறாள். போன வாரம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இடது பக்கம் லேசாக வலித்தது. சொல்லலாமா கூடாதா என்று மத்தியானம் வரை யோசித்தேன். சொல்லாமலிருந்தால் அது இன்னொரு பொய். கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் டாக்டர் மாதிரி கேட்டாள்.

"கைக்கு எறங்குதா? வேர்க்குதா?"

"இல்ல."

"சரி, சனிக்கிழமை வர்றேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம். நெசமோ கதையோ, ரெண்டுக்கும் சேத்துப் பாத்தரலாம்."

வலி போய்விட்டது, வர வேண்டாம் என்றேன். அதை அவள் நம்பவில்லை.