தொட்டுக் கும்பிட்ட இடத்தில் ஒரு வெடிப்பு

போன கோடையில், ஹைதராபாத் விமான நிலையத்தில் நடந்தது இது. நான் துணை விமானி. விடியலிலிருந்து ஊர் ஊராகப் பறந்துவிட்டு, மத்தியானம் சென்னைக்குக் கிளம்பக் காத்திருந்தோம். அன்றைக்கு அதுதான் கடைசிப் பயணம். சென்னையில் இறங்கியதும் ஹோட்டலுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது.

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். அப்போது வால் பக்கம் சாமான் ஏற்றும் கதவுக்குக் கீழே ஓரிடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இதே ஊரில், அல்வாலில் என் அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பும்போது செய்வதைப் பார்த்து ஒட்டிக்கொண்ட பழக்கம். "என்னம்மா, பூஜை முடிஞ்சுதா?" என்று கேப்டன் தினமும் கிண்டலடிப்பார்.

அன்றைக்கு இருந்த வெயிலில் தொடாமலே போயிருப்பேன். சரி, போய்த் தொலைகிறது என்று கையை வைத்தேன். விரலில் சுருக்கென்று ஏதோ கிழித்தது. குனிந்து பார்த்தால், தகடு நசுங்கி, அதன் நடுவில் மெல்லிய வெடிப்பு. சாமான் ஏற்றும் வண்டி இடித்திருக்க வேண்டும். இடித்தவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

பொறியாளரைக் கூப்பிட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; ஊர் உருது கலந்துதான் பேசுவார். டார்ச் அடித்துப் பார்த்து, "ஹவ், ஆமா மேடம், புதுசு. இதை வெச்சுட்டுப் பறக்கறது நக்கோ, வேணவே வேணாம்" என்றார். பயணம் ரத்து. ராத்திரி வரை சென்னைக்கு வேறு எந்த விமானத்திலும் இடமில்லை.

பைகளைத் தூக்கிக்கொண்டு பயணிகள் ஏறும் வாசலுக்கு வந்தால், பயணிகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். வெடிப்பைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொன்னேன். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் வந்தார். இங்கே ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனியில் வேலையாம்.

"காலைல எங்கம்மா தவறிட்டாங்க மேடம். கடைசிப் பையன் நான்தான் கொள்ளி வெக்கணும். சாயங்காலம் எடுத்துடுவாங்க. ஒரு மணி நேரம்தானே, கண்டுக்காம விட்டிருக்கலாமே?"

"வெடிச்சிருக்கு சார். மேலே போனா என்ன ஆகும்னு சொல்ல முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். "அண்ணா, எனக்காகக் காத்திருக்க வேணாம். நீயே வெச்சுடு." பேசி முடித்துவிட்டு என்னிடம், "உங்க மேல தப்பில்ல மேடம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் கேப்டன் முதுகில் தட்டிக்கொடுத்தார். சந்தோஷமே வரவில்லை.

அந்த வெடிப்பை மறுபடி பார்த்தாலும் அந்த விமானத்தைக் கிளம்ப விடமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் தொட்டுக் கண்ணில் ஒற்றும்போது, முகம் தெரியாத அந்த அம்மாவிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.